சேறு, சேறு, மறுபடியும் சேறு... பிறகு ஓர் ஆக்டோபஸ்!

கடலடி ரோபோ என்ற ஒன்று இருப்பதே நம்மில் பலருக்கு 2014 ஏப்ரலில்தான் தெரியவந்தது. எம்எச்370 விமானம் 239 பேருடன் காணாமல் போய் ஐந்து வாரங்கள் கடந்திருந்தன. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஒரு கப்பலிலிருந்து மஞ்சள் நிறக் குழாய் போன்ற கருவியை இறக்கினார்கள். பெயர் புளூஃபின்-21. முதல் முறை இறங்கியபோதே அந்த இடம் அதற்கு அனுமதிக்கப்பட்ட 4,500 மீட்டரைவிட ஆழமாக இருந்தது. கருவி தானாகவே மேலே திரும்பிவிட்டது. ‘சோனார்’, ‘கடற்படுகை’ என்ற சொற்கள் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான், ஒரு துயரத்தோடு.

இதே வகை இயந்திரங்களை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தி வருகிறார் ஒரு விஞ்ஞானி. பள்ளி மாணவர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிச் செல்லும் வேலை அது.

அவர் அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் பல்லார்ட். 1942இல் பிறந்தவர். பெயரைச் சொன்னால் உடனே நினைவுக்கு வராது. டைட்டானிக் கப்பல் கடலடியில் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் என்றால், படம் பார்த்த எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவருடைய ஆழ்கடல் சாதனைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்த ஆழத்தை அவர் எப்படி ஒரு வகுப்பறையாக மாற்றினார் என்பதுதான் எனக்குச் சுவையாகப்பட்டது.

வோட்காவில் ஊறிய விலங்குகள்

கதை டைட்டானிக்கில் தொடங்கவில்லை. 1977 பிப்ரவரியில், தென் அமெரிக்காவுக்கு மேற்கே கலாப்பகோஸ் தீவுகளுக்கு அருகில் ஓர் ஆய்வுப் பயணம். கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவா என்று பார்க்கப் போன குழுவில் பல்லார்டும் ஒருவர். போனவர்கள் பெரும்பாலும் பாறையையும் நீரையும் ஆராய்பவர்கள். ஏறக்குறைய 2,500 மீட்டர் ஆழத்தில், சூரிய ஒளியே எட்டாத இருட்டில், வெந்நீர் கசியும் இடங்களைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக உயிரினங்கள்! சிப்பிகள், நண்டுகள், சிவந்த நுனி கொண்ட நீளமான குழாய்ப் புழுக்கள். சூரியன் இல்லாமலே உயிர் வாழ முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய கண்டுபிடிப்பு அது.

கப்பலில் ஓர் உயிரியல் அறிஞர்கூட இல்லை. எடுத்துவந்த உயிரினங்களைக் கெடாமல் வைக்கப் போதுமான மருந்தும் இல்லை. பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்காவில் ஊறப்போட்டார்களாம்!

சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இந்தச் சம்பவத்துக்குள் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. அப்போது ஆழ்கடலுக்குப் போக ஒரே வழி, ‘ஆல்வின்’ போன்ற சிறிய நீர்மூழ்கி. உள்ளே மூன்று பேர்தான் உட்கார முடியும். டைட்டானிக் கிடக்கும் ஆழத்துக்கு இறங்கவே இரண்டரை மணி நேரம், ஏறவும் அதே நேரம். நடுவில் சில மணி நேர வேலை. கண்ணாடித் துளை வழியாக அந்த மூவர் பார்த்தால் பார்த்தது, இல்லையென்றால் இல்லை. தெரிந்தவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர் என்றாகிவிடுகிறது.

ஆளை இறக்குவதற்குப் பதிலாகக் கண்ணை மட்டும் இறக்கினால் என்ன? கேமராவைக் கீழே அனுப்பி, படத்தை மேலே கொண்டுவந்தால், திரைக்கு முன்னால் மூன்று பேர் என்ன, மூன்று லட்சம் பேரும் உட்காரலாமே! பல்லார்ட் பிடித்துக்கொண்ட யோசனை இது.

2023 ஜூனில் ‘டைட்டன்’ நீர்மூழ்கி நொறுங்கி ஐந்து பேர் இறந்த செய்தியைப் படித்தவர்களுக்கு, இந்த யோசனையின் இன்னொரு பக்கமும் புரியும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டரில், நாம் இங்கே உணர்வதைப்போல் ஏறக்குறைய 380 மடங்கு. ரோபோ நசுங்கினால் பணம் போகும், அவ்வளவுதான். டைட்டனின் சிதைவுகளைக் கடைசியில் கண்டுபிடித்ததும் ஆளில்லாத ரோபோதான்.

சமையல்காரர் எழுப்பிய இரவு

1985 கோடையில் ‘நோர்’ என்ற ஆய்வுக் கப்பலில் பல்லார்டின் குழு கிளம்பியது. பிரெஞ்சு விஞ்ஞானி ஷான் லூயி மிஷேல் கூட்டுத் தலைவர். வெளியுலகத்துக்குச் சொன்னது டைட்டானிக் தேடல். உண்மையில் அமெரிக்கக் கடற்படை பணம் கொடுத்தது வேறு வேலைக்கு. 1960களில் மூழ்கிப்போன ‘திரெஷர்’, ‘ஸ்கார்பியன்’ என்ற இரண்டு அணுசக்தி நீர்மூழ்கிகளை ரகசியமாகப் படம்பிடிக்கும் வேலை. இது 2008இல்தான் வெளியே வந்தது. அந்த வேலை முடிந்து டைட்டானிக்கைத் தேட மிஞ்சியது ஏறத்தாழ 12 நாள்.

கடற்படை வேலையில் பல்லார்ட் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தார். மூழ்கும் கப்பல் ஒரே துண்டாகப் போய் உட்காருவதில்லை. உடைந்த பொருள்கள் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு நீண்ட தடமாக விழுகின்றன. கப்பலைத் தேடுவதைவிட அந்தத் தடத்தைத் தேடுவது எளிது. எனவே ‘ஆர்கோ’ என்ற கேமராச் சட்டத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, புல் வெட்டுபவர் திடலில் போய்வருவதைப்போல வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டே இருந்தார்கள். திரையில் சேறு. மறுநாளும் சேறு.

செப்டம்பர் முதல் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். திரையில் சேற்றைத் தவிர வேறு ஏதோ தெரிந்தது. பல்லார்ட் அறையில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடத் திரையை விட்டு எழுந்துபோக யாருக்கும் மனம் வரவில்லை. அங்கிருந்த கப்பல் சமையல்காரரைத்தான் அனுப்பினார்கள்! அவர் ஓடிவந்து பார்த்தபோது திரையில் டைட்டானிக்கின் கொதிகலன்.

கொஞ்ச நேரம் கூச்சல், கொண்டாட்டம். பிறகு யாரோ கடிகாரத்தைக் கவனித்திருக்கிறார்கள். டைட்டானிக் மூழ்கிய நேரமான 2.20 நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் கப்பலின் பின்தளத்துக்குப் போய் மௌனமாக நின்றார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது கடிதங்கள் குவிந்தன. பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து மட்டும் 16,000க்கும் மேல். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த முறை என்னையும் கூட்டிப் போவீர்களா என்றும் கேட்டார்கள்.

இத்தகைய கடிதத்துக்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு: கையெழுத்திட்ட புகைப்படம், ‘நன்றாகப் படி’ என்று ஒரு வரி. பல்லார்ட் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டார். கூட்டிப் போக முடியுமா? முடியும், கேமரா இருக்கிறதே!

கம்பியில் வந்த கடல்

1989இல் ‘ஜேசன்’ திட்டம் தொடங்கியது. ஆர்கோ என்பது கிரேக்கப் புராணத்தில் ஒரு கப்பல். அதன் தலைவன் பெயர் ஜேசன். ரோபோவுக்கும் அதே பெயர்தான். முதல் பயணம் மத்திய தரைக் கடல். அங்கே கடலடி எரிமலை ஒன்றையும், ‘ஐசிஸ்’ என்று அவர்கள் பெயரிட்ட பழைய ரோமானிய வணிகக் கப்பலின் எச்சங்களையும் ரோபோ படம்பிடித்தது. அந்தப் படம் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள அருங்காட்சியகங்களுக்கு நேரலையாகப் போனது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பார்த்தார்கள். கேள்வி கேட்டார்கள், கப்பலிலிருந்து பதில் வந்தது. பின்வந்த ஆண்டுகளில், கரையில் உட்கார்ந்தபடியே ரோபோவைத் தாங்களே இயக்கிப் பார்க்கும் வாய்ப்பும் சில மாணவர்களுக்குக் கிடைத்தது. கைப்பேசியே பரவாத, வீடுகளுக்கு இணையம் வராத காலம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

வானொலிக்காரி என்ற முறையில் இங்கே ஒரு சின்னக் குறுக்கீடு. எங்கள் எஃப்எம் அலை மலையைச் சுற்றி வரும், மழையில் வரும், பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தில்கூடத் திக்கித் திணறி வந்துவிடும். ஆனால் கடல்நீரில் ஒரு மீட்டர் போவதற்குள் அடங்கிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அலையை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் நேரலை தரும் ரோபோக்களை இன்றும் கம்பியில் கட்டி இறக்குகிறார்கள். கம்பிக்குள் மின்சாரமும், முடிபோல் மெல்லிய கண்ணாடி இழையில் படமும் போய்வருகின்றன. எம்எச்370ஐத் தேடிய புளூஃபின் போன்றவை கம்பியில்லாதவை. அவை தாமாகச் சுற்றி, மேலே வந்த பிறகுதான் பார்த்ததைச் சொல்லும்.

கம்பியிலும் ஒரு தொல்லை உண்டு. மேலே கப்பல் அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் கீழே ரோபோவும் குதிக்கும். ஆகவே இரண்டு கருவிகளை இறக்குகிறார்கள். கனமான கம்பியில் தொங்கும் முதல் கருவி குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. அதிலிருந்து தளர்வான கயிறுபோல் போகும் இன்னொரு கம்பியின் முனையில் இரண்டாவது ரோபோ அசையாமல் வேலை பார்க்கிறது. தலைகீழாகப் பட்டம் விடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வானொலியில் செய்ய முடியாதது

பல்லார்ட் 2008இல் நிறுவிய ‘ஓஷன் எக்ஸ்புளோரேஷன் டிரஸ்ட்’ அமைப்பின் கப்பல் பெயர் ‘நாட்டிலஸ்’. 1967இல் கிழக்கு ஜெர்மனியில் கட்டிய பழைய கப்பல். அதன் முக்கிய ரோபோ ‘ஹெர்குலிஸ்’, 4,000 மீட்டர் வரை போகும். அது நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் காட்சி இணையத்தில் நேரலையாக வருகிறது. பார்க்கக் கட்டணமில்லை. ‘நாட்டிலஸ் லைவ்’ என்று தேடினால் போதும்.

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இறங்கவே ஒன்றரை, இரண்டு மணி நேரம். திரையில் நீலம் கறுப்பாகும். பிறகு வெள்ளைப் புள்ளிகள் மேல்நோக்கிப் பறக்கும். அடிக்கு வந்ததும் பழுப்புச் சேறு, ஒரு பாறை, மறுபடியும் சேறு. பின்னணியில் நான்கைந்து பேரின் குரல். ஒருவர் வேகத்தைச் சொல்வார், ஒருவர் அது கடற்பஞ்சா என்று கேட்பார், இன்னொருவர் தனக்குத் தெரியவில்லை என்பார். பிறகு மௌனம். நீண்ட மௌனம்.

எங்கள் தொழிலில் நேரலையில் ஐந்து வினாடி அமைதி என்றால் கட்டுப்பாட்டு அறையில் ஆள் ஓடிவருவார். மௌனம் பெரிய பயம். அதை நிரப்பத்தான் எங்களுக்குச் சம்பளம். இங்கேயோ அரைமணி நேரம் ஒன்றுமே நடக்காது, யாரும் அதற்காக வருத்தப்படுவதும் இல்லை. ஆவணப்படமாக இருந்தால் வெட்டி எறிந்திருப்பார்கள். ஆறு மணி நேரத்தை ஆறு நிமிடமாக்கி, இசை போட்டு, ஆக்டோபஸை முதல் காட்சியில் கொண்டுவந்திருப்பார்கள்.

வெட்டாமல் விட்டதுதான் பல்லார்ட் செய்த பெரிய காரியம் என்பது என் கருத்து. நம் பிள்ளைகள் அறிவியலைப் பெரும்பாலும் விடையாகவே பார்க்கிறார்கள். பாடநூலில் விடை, டியூஷனில் விடை, எஸ்பிஎம் மாதிரித்தாளின் பின்பக்கத்தில் விடை. அதைத் தேடி யாரோ உட்கார்ந்து சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவர்கள் கண்ணுக்கு வருவதே இல்லை. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் வாய் நிறைய ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்வதை ஒரு பதினொரு வயதுப் பிள்ளை கேட்பதற்கு வேறு இடம் எங்கே இருக்கிறது?

காத்திருப்பவர்களுக்குக் கிடைப்பதும் சாதாரணமல்ல. 2015 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில், 598 மீட்டர் ஆழத்தில், ஒரு பெரிய எண்ணெய்த் திமிங்கிலம் தானாகவே வந்து ரோபோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. 2016இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் ஊதா நிறத்தில் உருண்டையான ஒரு சிறிய கணவாய் தென்பட்டது. கண்கள் இரண்டும் பெயின்டில் வரைந்து ஒட்டியதுபோல் அவ்வளவு பெரிது. யாரோ பிள்ளை தவறவிட்ட பொம்மையோ என்று விஞ்ஞானிகள் விழுந்து விழுந்து சிரித்த அந்தக் காணொளி உலகம் சுற்றியது. உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம்.

எனக்குப் பிடித்தது 2018 அக்டோபர் கதை. கலிபோர்னியாவின் மோன்டரே கடலோரத்துக்கு அப்பால், டேவிட்சன் என்ற கடலடி மலை. ஏறக்குறைய 3,200 மீட்டர் ஆழம். நீண்ட முக்குளிப்பின் கடைசிக் கட்டத்தில், பாறை இடுக்குகளில் ஓர் ஆக்டோபஸ், பக்கத்தில் இன்னொன்று. விளக்கைத் திருப்பினால் ஆயிரத்துக்கும் மேல்! எல்லாம் கைகளைப் பின்னால் மடித்து முட்டைகளை மூடி அடைகாத்துக்கொண்டிருந்த தாய்மார்கள். பக்கத்தில் நீர் கானல்போல் நெளிந்தது. ஏன் அங்கே கூடின என்று அன்றைக்கு அந்தக் கப்பலில் யாருக்கும் தெரியாது. வேறொரு குழு பல முறை திரும்பிப் போய் ஆராய்ந்து 2023இல் விடை சொன்னது. சுற்றிலும் நீர் 1.6 டிகிரிக் குளிர். பாறை இடுக்கிலோ பூமிக்குள்ளிருந்து இளஞ்சூடான நீர் கசிகிறது. அந்தக் குளிரில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகவேண்டிய முட்டைகள், இந்தச் சூட்டில் இரண்டு ஆண்டுக்குள் பொரிந்துவிடுகின்றன. நேரலையில் கேள்வியைப் பார்த்த பிள்ளைகள் விடைக்கு ஐந்து ஆண்டு காத்திருந்தார்கள். ஆரம்பப் பள்ளியில் பார்த்த பிள்ளை, விடை வரும்போது இடைநிலைப் பள்ளியில் இருந்திருக்கும்.

கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் நான்கு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு என்று சுழற்சி. ரோபோவை ஓட்டுபவர், வழி காட்டுபவர், குறிப்பெழுதுபவர், விஞ்ஞானி, வீடியோப் பொறியாளர் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊடகம் படித்த எனக்கு இந்த வீடியோப் பொறியாளர் இருக்கையைப் பார்க்கும்போது கொஞ்சம் ஆசையாகத்தான் இருக்கிறது. கடலில் வேலை செய்ய எல்லாரும் கடல் உயிரியல் படிக்கவேண்டியதில்லை. எலக்ட்ரானிக்ஸ், வரைபடம், மென்பொருள், ஒலி, ஒளி எல்லாவற்றுக்கும் அங்கே நாற்காலி இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களையும் தேர்ந்தெடுத்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள். பார்ப்பவர்கள் தட்டச்சு செய்து அனுப்பும் கேள்விகளை வாசித்துப் பதில் வாங்கித் தருவது அவர்களின் வேலைகளில் ஒன்று. கேட்டால் உண்மையாகவே பதில் வருகிறது.

பல்லார்டைப் பற்றி இன்னொரு செய்தி, குறிப்பாகப் பெற்றோர்களுக்கு. 2021இல் வெளிவந்த தன்வரலாற்றில் தமக்கு டிஸ்லெக்சியா இருப்பதை எழுதியிருக்கிறார். எழுத்துகளை வாசிப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமம் அது. பள்ளியில் வாசிப்புக்காக இரண்டு மடங்கு பாடுபட்டவர், அதற்கு ஒரு பெயர் இருப்பதைத் தெரிந்துகொண்டது ஓய்வு பெறும் வயதைத் தாண்டிய பிறகுதான். தாம் படங்களாகச் சிந்திப்பவர் என்கிறார். இருட்டில் கிடக்கும் கடற்படுகையை மனத்தில் வரைந்து பார்ப்பவருக்கு அது குறையாக இருந்திருக்காது. வாசிப்பில் பின்தங்கும் பிள்ளையை ‘இவனுக்கு அறிவியல் வராது’ என்று படிவம் நான்கில் கலைப் பிரிவுக்குத் தள்ளும் வழக்கம் நம்மிடம் இருந்ததா இல்லையா? அறிவியலுக்கு 60, கலைக்கு 40 என்ற விழுக்காட்டு இலக்கை நம் கல்வித்துறை வைத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எட்ட முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

ஹார்ட்வேர் கடையில் ஒரு ரோபோ

பார்ப்பது சரி, செய்து பார்க்க முடியாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பேரங்காடிகளில் நடக்கும் ரோபோ வகுப்புகளின் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போன பெற்றோருக்கு ஒரு நல்ல செய்தி. 1997இல் வெளிவந்த, வீட்டிலேயே கடலடி ரோபோ செய்யும் முறையைச் சொல்லும் ஒரு புத்தகத்திலிருந்து பிறந்தது ‘சீபெர்ச்’ என்ற சிறிய ரோபோ. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2003 முதல் பள்ளிகளில் அதைப் பரப்பியது. பெரும்பாலான பொருள்கள் ஹார்ட்வேர் கடையிலேயே கிடைப்பவை. சட்டத்துக்கு பி.வி.சி. குழாய். மூன்று சிறிய மோட்டார். கம்பிக்குக் கணினி இணைப்புக்கான சாதாரண லேன் கேபிள். ஒரு 12 வோல்ட் பேட்டரி. மோட்டாருக்குள் நீர் புகாமல் இருக்கப் பழைய கேமராச் சுருள் டப்பாவைப் போன்ற ஒரு சின்ன டப்பாவில் அதை வைத்து, சுற்றிலும் மெழுகை அடைக்கிறார்கள். என்ன மெழுகு தெரியுமா? கழிவறைப் பீங்கானுக்கு அடியில் கசியாமலிருக்க வைக்கும் அதே மெழுகு வளையம்! இந்த இடத்தில் எந்த வகுப்பிலும் சிரிப்பு உறுதி.

சிங்கப்பூரில் 2013 முதல் நடக்கும் கடலடி ரோபோப் போட்டிக்கு உயர்கல்வி மாணவர்கள் கம்பியில்லாமல் தாமாக நீந்தும் கருவிகளைக் கொண்டுவருகிறார்கள். அதுவும் ஒரு நீச்சல் குளத்தில்தான் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் பாதி ஆழம் போதும்.

நேரலை ஆங்கிலத்தில் இருப்பது நம் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தடைதான். ஓர் ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டே பார்த்தால் தடை பாதியாகிவிடும். கிரிக்கெட்டுக்கு வர்ணனை சொல்லாத மாமா நம் வீடுகளில் உண்டா? நேரமும் சில சமயம் வாய்ப்பாக அமையும். 2025 ஜூலையில் கப்பல் சாலமன் தீவுகளில் இருந்தது. நமக்கு மூன்று மணி நேரம்தான் வித்தியாசம். இரண்டாம் உலகப் போரில் 1942இல் குண்டடிபட்டுப் பிய்ந்துபோன ‘நியூ ஆர்லியன்ஸ்’ என்ற போர்க்கப்பலின் முன்பகுதியை, 83 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் மாதங்களில் நேரலை இருக்காது, பழைய பதிவுகளைப் பார்க்கலாம்.

சீபெர்ச் செய்ய இறங்கும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். பேட்டரியைத் தவிர வேறு மின்சாரத்தை நீர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. குழாய்ச் சட்டத்தில் துளைகள் போட மறக்காதீர்கள், உள்ளே காற்று அடைபட்டால் ரோபோ மூழ்காது. ஏன் என்று பிள்ளையையே கேளுங்கள். மேலே கட்டும் நுரைத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, மிதக்கவும் இல்லாமல் மூழ்கவும் இல்லாமல் நடுநீரில் நிற்கும் அளவுக்குக் கொண்டுவர ஒரு மதியம் முழுவதும் ஆகலாம். அந்த மெழுகு கையில் ஒட்டினால் சோப்புக்கு லேசில் போகாது. பழைய துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.